பல்லுறுப்புக்கோவை இடைச்செருகல்: பிழையை அளப்பது, குவிதலைச் சோதிப்பது

ஒரு சார்பின் மதிப்பு சில இடங்களில் மட்டும் தெரியும், நடுவில் உள்ள மதிப்புகள் வேண்டும். தெரிந்த புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரு பல்லுறுப்புக்கோவையைச் செலுத்தி, நடு மதிப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் இடைச்செருகல். செய்முறை எளிது. புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது அதற்கு அடுத்த இடத்தில்தான். கோவை எல்லாப் புள்ளிகளையும் அச்சுப் பிசகாமல் தொடுகிறது, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். புள்ளிகளில் பிழை பூச்சியம் என்பது நாமே விதித்த நிபந்தனை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பிழை இருப்பது புள்ளிகளுக்கு நடுவில், அதிலும் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில்.

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை குறைந்துகொண்டே போகும் என்பது அடுத்த நம்பிக்கை. சில சார்புகளுக்கு அது உண்மை, சிலவற்றுக்கு நேர் எதிர். எத்தனை புள்ளிகள் என்பதைவிட அவற்றை எங்கே வைக்கிறோம் என்பதும், சார்பு எவ்வளவு வழவழப்பானது என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் எண்களைக் கொண்டு பார்க்கப் பழகிவிட்டால் இந்தப் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குறியீடுகள்: மாறியை ய என்றும், சார்பை ச(ய) என்றும், இடைச்செருகல் கோவையை ப(ய) என்றும், கோவையின் படியை எ என்றும் எழுதுகிறேன். படி எ என்றால் புள்ளிகள் எ + 1.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எந்த இடைவெளியில், எவ்வளவு துல்லியம் வேண்டும்? நான்கு தசம இடங்கள் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் புள்ளி எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா? ஒரு கடினமான சார்பை நீங்களே கணித்து, அதற்குப் பதிலாக எளிய கோவை ஒன்றை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் உரிமை இருக்கிறது. யாரோ அளந்து கொடுத்த அட்டவணை என்றால் இல்லை. இரண்டுக்கும் வழிகள் வேறு. பாதி வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே சூத்திரத்துக்குப் போய்விடுகின்றன.

சார்பில் எங்காவது முனை (வரைபடம் கூர்மையாக மடங்கும் இடம்), உடைப்பு, செங்குத்தாக எழும் இடம் உண்டா? ய-யின் மட்டு மதிப்புக்குப் பூச்சியத்தில் ஒரு முனை உண்டு. வர்க்கமூலச் சார்பு பூச்சியத்தில் செங்குத்தாக எழுகிறது. இவற்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோவையை அமைப்பது

எ + 1 வேறுவேறு புள்ளிகள் கொடுத்தால், அவற்றின் வழியே செல்லும் எ படிக்கு மிகாத கோவை ஒன்றே ஒன்றுதான். லாக்ராஞ்சி முறை, நியூட்டன் முறை என்று எந்த வழியில் போனாலும் வந்து சேர்வது அதே கோவைதான். ஆகவே "எந்த முறையில் பிழை குறைவு" என்ற கேள்விக்குக் காகிதத்தில் இடமில்லை. கணினியில் மட்டும் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

பிழைச் சூத்திரத்தைப் படிக்கக் கற்பது

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். மொத்தப் பாடமும் இந்த ஒரு சூத்திரத்துக்குள் இருக்கிறது. சார்புக்கு எ + 1 முறை வகைக்கெழு எடுக்க முடியும் என்றால்:

ச(ய) − ப(ய) = [ச-வின் (எ + 1)-ஆம் வகைக்கெழு, இடைவெளிக்குள் ஏதோ ஓர் இடத்தில்] ÷ (எ + 1)! × (ய − ய₀)(ய − ய₁)(ய − ய₂)… கடைசிப் புள்ளி வரை

மூன்று துண்டுகள். முதலாவது, சார்பின் குணம். வகைக்கெழுக்கள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பதை அது சொல்கிறது. இரண்டாவது, காரணியப் பெருக்கம். அது எப்போதும் நம் பக்கம்தான். மூன்றாவது, புள்ளிகளிலிருந்து உள்ள தூரங்களின் பெருக்கம். அதைக் கணுப் பெருக்கம் என்று அழைப்போம். சார்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, புள்ளிகளை வைத்த விதம் மட்டும்தான் அதை நிர்ணயிக்கிறது. நம் கைக்குள் இருப்பது இந்த ஒரு துண்டுதான்.

"ஏதோ ஓர் இடத்தில்" என்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். அந்த இடம் எது என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. இடைவெளி முழுவதிலும் அந்த வகைக்கெழு எட்டும் மிகப்பெரிய மதிப்பைப் போட்டால் பிழைக்கு ஒரு மேல் எல்லை கிடைத்துவிடும்.

எளிய நிலையில் தொடங்கலாம். இரண்டு புள்ளிகள், நடுவில் ஒரு நேர்கோடு. புள்ளிகளுக்கு இடையே தூரம் த என்றால், கணுப் பெருக்கத்தின் மிகப்பெரிய அளவு த²/4. அதை 2! ஆல் வகுத்தால் த²/8. ஆகவே பிழை, இரண்டாம் வகைக்கெழுவின் மீப்பெரு மதிப்பை த²/8 ஆல் பெருக்கியதைத் தாண்டாது. சைன் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வகைக்கெழு 1-ஐத் தாண்டாது. ஒரு பாகை இடைவெளி என்றால் த = 0.01745, த²/8 = 0.000038. இது 0.00005-ஐவிடச் சிறியது. அதாவது, ஒவ்வொரு பாகைக்கும் ஒரு மதிப்பு தந்து, நடுவில் நேர்கோடு போட்டுக்கொள்ளச் சொன்னால் நான்காவது தசம இடத்தில் அரை அலகுக்கும் குறைவான பிழைதான் வரும். அட்டவணையின் இடைவெளியைத் தீர்மானிக்க இந்த ஒரு வரிக் கணக்கே போதும்.

இப்போது ஐந்து புள்ளிகள். −1 முதல் 1 வரை, −1, −0.5, 0, 0.5, 1. சார்பு, 2.71828… என்ற எண்ணை ய அடுக்குக்கு உயர்த்தும் அடுக்குக்குறிச் சார்பு. அதன் எல்லா வகைக்கெழுக்களும் அதுவேதான், ஆகவே மிகப்பெரிய மதிப்பு 2.71828. அதை 5! ஆல், அதாவது 120 ஆல் வகுத்தால் 0.02265. கணுப் பெருக்கம் ய(ய² − 0.25)(ய² − 1). இதன் அளவு ய = 0.27 அருகே 0.044, ய = 0.82 அருகே 0.1135. ஆகவே பிழையின் எல்லை 0.02265 × 0.1135 = 0.0026. உண்மையில் ய = 0.82 அருகே கணித்துப் பார்த்தால் பிழை 0.0011. எல்லைக்குள் அடங்குகிறது, பாதிக்கும் குறைவு. இப்படி இரண்டு, மூன்று மடங்கு தளர்ந்திருப்பது இந்தச் சூத்திரத்தின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

அந்த 0.044-ஐயும் 0.1135-ஐயும் இன்னொரு முறை பாருங்கள். சமமான தூரத்தில்தான் புள்ளிகளை வைத்தோம். ஆனாலும் ஓரத்து இடைவெளியில் பெருக்கம் நடுவிலிருப்பதைப்போல இரண்டரை மடங்கு. ஐந்து புள்ளிக்கு இது. 21 புள்ளிகள் வைத்தால், முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பெருக்கம், மையத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ளதைவிடச் சுமார் 35,500 மடங்கு. காரணம் சிக்கலானதல்ல. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள் ஓரளவு அருகில் இருக்கின்றன. ஓரத்தில் நிற்பவருக்குப் பாதிப் புள்ளிகள் வெகு தொலைவில். அத்தனை தூரங்களும் பெருகுகின்றன.

இடைவெளியைத் தாண்டி வெளியே போனால் நிலைமை இன்னும் மோசம். மேலே சொன்ன ஐந்து புள்ளிகளுக்கு ய = 1.5-இல் கணுப் பெருக்கம் 3.75, உள்ளே இருந்த மீப்பெரு அளவைப்போல 33 மடங்கு. ய = 2-இல் 22.5. தெரிந்த புள்ளிகளுக்கு அப்பால் கோவையை நீட்டி மதிப்பு எடுக்கும் ஆசை வந்தால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வகைக்கெழு தெரியாதபோது

நடைமுறையில் சார்பின் ஐந்தாம் வகைக்கெழு யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. அப்போது ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து, படி எ கோவைக்கும் படி எ + 1 கோவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம். நியூட்டன் முறையில் அது மிக எளிது, புதிய புள்ளிக்கு ஒரே ஓர் உறுப்புதான் கூடும். அந்த உறுப்பின் அளவே முந்தைய கோவையின் பிழைக்கு ஒரு மதிப்பீடு. ஆனால் இது மதிப்பீடுதான், உத்தரவாதம் அல்ல. வகைக்கெழுக்கள் நிதானமாக மாறும் சார்புகளில் நன்றாக வேலை செய்யும், அடுத்து வரப்போகும் சார்பில் காலை வாரிவிடும்.

குவியுமா என்ற கேள்வி

இப்போது எ-யை முடிவில்லாமல் கூட்டுகிறோம். பிழை பூச்சியத்தை நோக்கிப் போகிறதா?

சைன், கொசைன் போன்றவற்றுக்குப் பதில் சுலபம். எத்தனையாவது வகைக்கெழுவானாலும் 1-ஐத் தாண்டாது. கணுப் பெருக்கம் அதிகபட்சம் இடைவெளி நீளத்தின் (எ + 1)-ஆம் அடுக்கு. எந்த எண்ணின் அடுக்கையும் காரணியப் பெருக்கம் கடைசியில் முந்திவிடும். ஆகவே புள்ளிகளை எப்படி வைத்தாலும், இடைவெளிக்குள் இருக்கும் வரை, பிழை பூச்சியத்துக்குப் போகும். அடுக்குக்குறிச் சார்புக்கும் அப்படியே.

1885-இல் வையர்ஸ்ட்ராஸ், மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான எந்தச் சார்பையும் எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் ஒரு பல்லுறுப்புக்கோவையால் அணுக முடியும் என்று நிறுவினார். அதைக் கேட்டவுடன் இடைச்செருகலும் தானாகக் குவியும் என்று தோன்றும். 1901-இல் ரங்கே அந்த எண்ணத்தை உடைத்தார். அவர் பெயரால் இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் சார்பு 1 ÷ (1 + 25ய²), இடைவெளி −1 முதல் 1 வரை. வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் சாந்தமான சரிவு. முனை இல்லை, உடைப்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வகைக்கெழு எடுக்கலாம். சமதூரப் புள்ளிகளை வைத்துக் கோவை போட்டால் மீப்பெரு பிழை இப்படிப் போகிறது: 5 புள்ளிகளுக்கு 0.44, 11 புள்ளிகளுக்கு 1.9, 21 புள்ளிகளுக்குக் கிட்டத்தட்ட 60. சார்பின் மிகப்பெரிய மதிப்பே 1தான் என்பதை மறக்க வேண்டாம். இத்தனையும் ஓரங்களில் நடக்கிறது. பூச்சியத்திலிருந்து சுமார் 0.73 தூரம் வரை கோவை ஒழுங்காகக் குவிகிறது, அதற்கு அப்பால்தான் ஊசலாட்டம்.

ஏன்? சூத்திரத்துக்கே திரும்புவோம். இந்தச் சார்பின் இரட்டைப்படை வரிசை வகைக்கெழுக்கள், பூச்சியத்தில், எ! × 5-இன் எ-ஆம் அடுக்கு என்ற அளவில் வளர்கின்றன. நம் பக்கம் இருந்த ஒரே துணையான காரணியப் பெருக்கம் அதில் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது 5-இன் அடுக்கு. அதைக் கணுப் பெருக்கம் அடக்கியாக வேண்டும். ஓரங்களில் அதனால் முடிவதில்லை.

இதற்கு இன்னும் ஆழமான விளக்கம் மெய்யெண் கோட்டுக்கு வெளியே, கலப்பெண் தளத்தில் இருக்கிறது. 1 + 25ய² பூச்சியமாகும் இடங்கள் கற்பனை அச்சில் +0.2, −0.2 ஆகிய உயரங்களில் இருக்கின்றன. அங்கே சார்பு வெடிக்கிறது. மெய்யெண் கோட்டில் நிற்கும் நமக்கு அது தெரிவதில்லை, ஆனால் கோவைக்குத் தெரிகிறது. −1 முதல் 1 வரை சமதூரப் புள்ளிகள் வைத்தால் கற்பனை அச்சில் பாதுகாப்பான உயரம் சுமார் 0.5255. வெடிக்கும் இடம் அதற்கு மேலே இருந்தால் குவியும், கீழே இருந்தால் ஓரங்களில் விரியும். அதனால்தான் அதே இடைவெளியில் 1 ÷ (1 + ய²) எந்தத் தொல்லையும் தராது, அதன் வெடிப்பு உயரம் 1. இரண்டு சார்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் எது பிழைக்கும், எது கெடும் என்று கண்ணால் சொல்ல முடியாது. வரைபடத்தைப் பார்த்து "வழவழப்பாக இருக்கிறதே" என்று நம்புவது எனக்கு இதனால்தான் பிடிப்பதில்லை.

முனையுள்ள சார்பு இன்னும் மோசம். ய-யின் மட்டு மதிப்பைச் சமதூரப் புள்ளிகளில் இடைச்செருகினால், −1, 0, 1 தவிர வேறெங்கும் குவியாது என்று பெர்ன்ஸ்டைன் காட்டினார்.

புள்ளிகளை நகர்த்துவது

ஓரத்தில் பெருக்கம் வீங்குகிறது என்றால் ஓரத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டியதுதானே? சரி, எவ்வளவு நெருக்கமாக? இந்தக் கேள்விக்குத் துல்லியமான விடை உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கணிதர் செபிஷேவின் பெயரில் உள்ள கோவைகளின் மூலங்களைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டால் கணுப் பெருக்கத்தின் மீப்பெரு அளவு சாத்தியமானவற்றிலேயே மிகக் குறைவாக இருக்கும். −1 முதல் 1 வரை அந்த அளவு 1 ÷ 2-இன் எ-ஆம் அடுக்கு.

கண்டுபிடிப்பது எளிது. அரைவட்டத்தை எ + 1 சம விற்களாகப் பிரித்து, ஒவ்வொரு வில்லின் நடுப்புள்ளியையும் கீழே விட்டத்தின் மீது இறக்குங்கள். கோணங்களில் சொன்னால், 180 பாகையை எ + 1 ஆல் வகுத்து, ஒவ்வொரு பங்கின் நடுக் கோணத்துக்கும் கொசைன் எடுக்க வேண்டும். ஐந்து புள்ளிகளுக்குக் கோணங்கள் 18, 54, 90, 126, 162 பாகை. புள்ளிகள் 0.9511, 0.5878, 0, −0.5878, −0.9511.

வேறு இடைவெளி என்றால், நடுப்புள்ளியுடன் பாதி நீளத்தின் மடங்கைக் கூட்டவும். 0 முதல் 10 வரை என்றால் 5 + 5 × 0.9511 = 9.7555, அப்புறம் 7.939, 5, 2.061, 0.2445.

அடுக்குக்குறிச் சார்புக்கே திரும்பினால், கணுப் பெருக்கத்தின் மீப்பெரு அளவு 0.1135-இலிருந்து 0.0625 ஆகிறது, பிழை எல்லை 0.0026-இலிருந்து 0.0014. பெரிய லாபமில்லை என்று தோன்றும். அதே புள்ளிகளை ரங்கே சார்பில் வையுங்கள். 11 புள்ளிகளுக்கு மீப்பெரு பிழை 0.109, 21 புள்ளிகளுக்கு 0.0153, 41 புள்ளிகளுக்குச் சுமார் 0.0003. 60 எங்கே, 0.0153 எங்கே! சார்பு அதேதான், புள்ளி எண்ணிக்கையும் அதேதான்.

குவியும் வேகத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். செபிஷேவ் புள்ளிகளில், வெடிக்கும் இடம் கற்பனை அச்சில் உ உயரத்தில் இருந்தால், படி ஒன்று கூடும்போதெல்லாம் பிழை உ + √(1 + உ²) என்ற எண்ணால் வகுபடும். உ = 0.2 என்றால் அந்த எண் 1.22. ஆகவே ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் படியைச் சுமார் 12 உயர்த்த வேண்டும். உ எவ்வளவு சிறியதானாலும் அந்த எண் 1-ஐவிடப் பெரியதுதான், அதனால் மெதுவாகவாவது குவியும். சமதூரப் புள்ளிகளுக்கு இருந்த 0.5255 போன்ற தடுப்பு இங்கே இல்லை.

வெடிப்பு இல்லாமல் முனை மட்டும் இருந்தால் வேகம் வெகுவாகக் குறையும். ய-யின் மட்டு மதிப்புக்குச் செபிஷேவ் புள்ளிகளில் பிழை 1/எ என்ற வீதத்தில்தான் குறைகிறது. படியை இரட்டித்தால் பிழை பாதியாகும், அவ்வளவுதான். இங்கே படியை உயர்த்திப் போராடுவது வீண். தொடக்கத்தில் குறித்து வைத்த முனையில் இடைவெளியை இரண்டாக வெட்டினால் இரு பக்கமும் நேர்கோடுதான், பிழையே இல்லை.

அப்படியானால் எல்லாச் சார்புக்கும் குவிகிற மாயப் புள்ளிகள் உண்டா? இல்லை. புள்ளிகளை எந்த விதியின்படி முன்கூட்டியே நிர்ணயித்தாலும், அந்த விதிக்கு மசியாத ஒரு தொடர்ச்சியான சார்பு இருக்கும் என்று 1914-இல் ஃபேபர் நிறுவினார். இது கேட்க அச்சமூட்டும், ஆனால் நடைமுறையில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சாய்வு ஓர் எல்லைக்குள் அடங்கிய எந்தச் சார்புக்கும் செபிஷேவ் புள்ளிகளில் குவிதல் உறுதி. ஃபேபரின் எதிர்ச் சார்புகள் அதைவிடக் கரடுமுரடானவை.

லெபேக் மாறிலி: பெருக்கிக் காட்டும் எண்

வகைக்கெழுவைத் தொடாமலேயே பிழையை மதிப்பிட இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளித் தொகுப்புக்கும் லெபேக் மாறிலி என்று ஓர் எண் உண்டு. ஒரு புள்ளியில் மட்டும் 1, மற்றப் புள்ளிகளில் எல்லாம் 0 ஆகும் கோவைகள் லாக்ராஞ்சி அடிப்படைக் கோவைகள், அவற்றின் மட்டு மதிப்புகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மீப்பெரு மதிப்பை எடுத்தால் அது கிடைக்கும். அதன் பொருள் இதுதான்: எ படிக்கு மிகாத கோவைகளிலேயே மிகச் சிறந்தது தரும் பிழையை இந்த எண்ணுடன் 1 கூட்டிப் பெருக்கினால், இடைச்செருகலின் பிழை அதைத் தாண்டாது.

சமதூரப் புள்ளிகளுக்கு: படி 10-இல் சுமார் 30, படி 20-இல் சுமார் 11,000. படி கூடக்கூட ஏறத்தாழ 2-இன் அடுக்காக வளர்கிறது. செபிஷேவ் புள்ளிகளுக்கு: படி 10-இல் 2.5, படி 20-இல் 2.9, படி 1000-இலும் 5.4-ஐத் தாண்டாது. அங்கே வளர்வது மடக்கை வேகத்தில். ஆக, செபிஷேவ் புள்ளிகளை எடுத்துக்கொண்டால் சிறந்த கோவையைத் தேடி அலைய வேண்டியதில்லை, கையில் இருப்பது அதைவிட ஒரு தசம இடம்கூட மோசமாக இருக்காது.

தரவில் உள்ள பிசகுக்கும் இதே எண்தான் கணக்கு. அளவீட்டில் 0.001 பிழை, 21 சமதூரப் புள்ளிகள் என்றால், கோவையில் அது 11 வரை பெருகலாம். அளந்த தரவின் வழியே உயர் படிக் கோவையைச் செலுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கணினிக்கும் இது பொருந்தும். வழக்கமான இரட்டைத் துல்லிய எண்கள் 16 இலக்கம் வரை சரியாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வெட்டிவிடும். படி 60-இல் சமதூரப் புள்ளிகளின் லெபேக் மாறிலி 10-இன் 15-ஆம் அடுக்கைத் தாண்டிவிடுகிறது. அடுக்குக்குறிச் சார்பு எந்தப் புள்ளிகளிலும் குவியும் என்று மேலே சொன்னேன். காகிதத்தில் அது உண்மை. கணினியில் 61 சமதூரப் புள்ளிகளை வைத்துப் பாருங்கள், ஓரங்களில் குப்பைதான் வரும்.

புள்ளிகள் கையில் இல்லாதபோது

அட்டவணை சமதூரத்தில் வந்துவிட்டது, மாற்ற முடியாது. அப்போது ஒற்றைக் கோவையைக் கைவிடுங்கள். அடுத்தடுத்த சில புள்ளிகளை மட்டும் எடுத்து, தேவையான இடம் நடுவில் அமையுமாறு சிறு படிக் கோவை போடலாம். அல்லது முப்படித் துண்டுகளை வழவழப்பாக இணைக்கும் ஸ்பிளைன். ஓரங்களில் சார்பின் சாய்வு தெரிந்து கொடுத்தால், முப்படி ஸ்பிளைனின் பிழை (5/384) × த⁴ × நான்காம் வகைக்கெழுவின் மீப்பெரு மதிப்பு என்ற எல்லைக்குள் நிற்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்கு. இங்கே படி நிலையாக நிற்கிறது, சுருங்குவது தூரம், அதனால்தான் ரங்கேயின் ஊசலாட்டம் தலைகாட்டுவதில்லை. எல்லாப் புள்ளிகளையும் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், புள்ளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய சிறிய படியில் மீச்சிறு வர்க்கப் பொருத்தம் செய்வதும் நல்ல வழி. அளவீட்டுத் தரவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கணினியில் செய்யும்போது

கெழுக்களை அறியாமாறிகளாக வைத்து, சமன்பாட்டுத் தொகுப்பாக்கித் தீர்ப்பது பாடப்புத்தக வழி. சிறு படிகளுக்கு மட்டும் அது பரவாயில்லை. படி இருபதை நெருங்கும்போது அந்தச் சமன்பாடுகளின் எண்கள் அடங்கிய அணி மிகவும் பலவீனமானதாகி, விடையின் பல இலக்கங்கள் கரைந்துபோகும். ஆள்கள் "இடைச்செருகல் கெட்டுவிட்டது" என்று சொல்லும்போது பல சமயம் கெட்டது இந்த அணிதான், கோவை அல்ல.

அதற்குப் பதில் லாக்ராஞ்சி வடிவத்தை எடைகளால் மாற்றி எழுதிய நிறைமைய வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பைத்தானின் சைப்பை நூலகத்தில் இது தயாராக இருக்கிறது. செபிஷேவ் புள்ளிகளில் இன்னொரு வகை உண்டு, அதில் இரண்டு ஓரங்களும் புள்ளிகளாக இருக்கும்: 180 பாகையை எ சம பங்குகளாக்கி, 0, 180 உட்படப் பிரிக்கும் கோணங்கள் எல்லாவற்றுக்கும் கொசைன். அவற்றுக்கு எடைகள் +1, −1, +1, −1 என்று மாறி மாறி வரும், முதலும் கடைசியும் மட்டும் பாதி. அவ்வளவுதான், வேறு கணக்கே இல்லை. ஆயிரம் புள்ளிகள் ஆனாலும் நிலையாக நிற்கும்.

சோதித்துப் பார்ப்பது

பிழையைப் புள்ளிகளில் சோதிக்காதீர்கள், அங்கே அது பூச்சியம். ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் பத்து இருபது இடங்களில் சோதியுங்கள், முதல் இடைவெளியையும் கடைசி இடைவெளியையும் விட்டுவிடாமல். ரங்கே சார்பில் 11 சமதூரப் புள்ளிகளுக்கு மிகப்பெரிய பிழை 0.95-ஐ ஒட்டி வருகிறது. 0.3, 0.5 என்று நடுவில் மட்டும் பார்த்தவர் அதைச் சந்திக்கவே மாட்டார்.

அப்புறம் படியை 10, 20, 40 என்று இரட்டித்து மீப்பெரு பிழைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ ஒரே எண்ணால் வகுபட்டால், சார்பில் முனையோ உடைந்த வகைக்கெழுவோ எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து அங்கே வெட்டுங்கள். 0.109, 0.0153, 0.0003 என்பதுபோல வகுக்கும் எண்ணே 7, 50 என்று வளர்ந்துகொண்டு போனால் சார்பு வழவழப்பானது, தேவையான துல்லியம் கிடைக்கும் வரை படியை உயர்த்தலாம். குறைந்துகொண்டே வந்த பிழை 10-இன் −15-ஆம் அடுக்கை ஒட்டி நின்றுவிட்டால் கணினியின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள், இனி உயர்த்திப் பயனில்லை. பிழை குறைந்து, பிறகு ஏறத் தொடங்கினால் படியை மேலும் கூட்டாமல், புள்ளிகள் சமதூரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.